புது கிளையண்ட்டோட முதல் கேரியர் கவுன்சிலிங் செஷனை எப்படி நடத்தறது?

கிளையண்ட் வந்ததுமே ஆர்வ டெஸ்ட்டைக் குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, வேண்டாங்க. முதல்ல, பேசறது வெளிய போகாது, உயிருக்கு ஆபத்துன்னாலோ, சட்டப்படி சொல்லியே ஆகணும்னாலோ மட்டும் விதிவிலக்குன்னு தெளிவா சொல்லிடுங்க. அப்புறம் "ஏன் இப்போ வந்தீங்க?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, "இந்த வேலை பிடிக்கல"ன்னு ஆரம்பிப்பாங்க, கொஞ்சம் பேச விட்டா பிரச்சனை வேலை இல்ல, மேனேஜர்தான்னு அவங்களே வந்து நிப்பாங்க, அப்படிப்பட்ட கிளையண்ட்டை ஃபீல்டு மாத்தச் சொன்னா கதை கந்தல்தான். நேரம் போறதே தெரியாம வேலை செஞ்ச ஒரு நாளை விவரமா சொல்லச் சொல்லுங்க, அதுல நிறைய கிடைக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959ல வேலை ஆர்வங்களைப் பிரிச்சுச் சொன்ன ஆறு வகையை வச்சு வந்த ஆர்வ டெஸ்ட்டெல்லாம் நல்லதுதான், ரெண்டாவது செஷனுக்கு வச்சுக்கலாம். அனுப்பும்போது, அவங்க ஆசைப்படற வேலையில இருக்கற ஒருத்தர்கிட்ட பேசிட்டு வரச் சொல்லுங்க.