எல்லாப் பெண்களுக்கும் ஒரே உடம்பு

அன்புள்ள அக்கா,

வீடியோ கேம்களில் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி, நிஜத்தில் இல்லாத உடம்பைக் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கொழிஞ்சாம்பாறை பக்கம், கல்லூரியில் படிக்கிறேன். ஆண்களுக்கும் நிஜத்தில் இல்லாத உடம்பைத்தானே கொடுக்கிறார்கள்? எங்கள் ஊர் ஜிம்முக்கு வரும் பையன்கள் கேமில் வரும் ஆளைப் போனில் காட்டி "இந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். அதை ஏன் யாரும் பேசுவதில்லை? அப்புறம், கேம் என்பதே கற்பனை. நிஜ உடம்பை வைத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஒன்பதாவது படிக்கும் என் தங்கையும் விளையாடுகிறாள். அவளை நிறுத்தச் சொல்லலாமா என்று அம்மா கேட்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பையன்களைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. அந்த உடம்புக்கு ஆசைப்பட்டு, பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே புரோட்டீன் பவுடர் கரைத்துக் குடிக்கிறவர்கள் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் கோபாலபுரத்திலும் இருக்கிறார்கள், எனக்கும் அது கவலைதான். ஆனால் ஆண்களுக்கு அது பல உடம்புகளில் ஒன்று. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்க எட்டுப் பேர். சுமோ வீரர் ஹோண்டா தொப்பையோடு நிற்கிறார், ஸாங்கீஃப் நெஞ்செல்லாம் முடியோடு ஆஜானுபாகுவாக, பிளாங்கா பச்சை நிறத்தில், இந்திய யோகியாக வரும் தால்சிம் எலும்பும் தோலுமாக. எட்டில் ஒரே பெண் சுன் லீ. அவளுக்கு உதைக்கிறவளுக்கு உரிய திடமான தொடை கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும், ஆனாலும் ஆண் குண்டாகவோ வற்றலாகவோ, ஏன் மிருகமாகவோகூட இருந்துகொண்டு சண்டை போடலாம், பெண் அழகாக இருந்தே தீரவேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆணின் உடம்பைப் பார்த்து விளையாடுகிறவன் "நான் இப்படி இருந்தால்" என்று நினைக்கிறான். பெண்ணின் உடம்பை அவன் பார்ப்பதற்காகவே செய்கிறார்கள். 1986இல் வந்த மெட்ராய்ட் கேமில் நாம் ஆட்டுவிக்கும் பாத்திரத்தின் கவச உடைக்குள் இருப்பது யார் என்று கடைசிவரை தெரியாது. ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால் உள்ளே இருக்கும் சாமஸ் என்ற பெண் தலைக்கவசத்தைக் கழற்றுவாள், மூன்றுக்குள் முடித்தால் கவசமே இருக்காது, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் பிகினியில் நிற்பாள். தனியாளாக ஒரு கிரகத்தையே ஜெயித்தவள் அவள், விளையாடி முடித்தவனுக்குக் கிடைக்கும் பரிசோ அவள் உடம்பு! எனக்கு அந்த கேம் ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே இது இன்னும் உறுத்துகிறது.

சரி, யார் வாங்குவார்கள் என்ற கேள்வி. பல போன் கேம்களில் பாத்திரங்களுக்கு உடை விற்பதில்தான் நல்ல வருமானம், அதனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று உடம்பை வைத்துக்கொண்டு எல்லா உடையையும் அதற்கே செய்வது சுலபம். புதிதாக ஓர் உடம்பைச் சேர்த்தால் இருக்கிற உடைகளையெல்லாம் மறுபடி பொருத்தி, ஓடும்போது துணிக்குள்ளிருந்து கை கால் பிதுங்குகிறதா என்று பார்க்கவேண்டும். செலவு உண்மைதான், ஆனால் செலவு என்று சொல்வதையெல்லாம் அப்படியே நம்பாதீர்கள். 2014இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி என்ற கேமில் பெண்ணாக விளையாட ஏன் வழியில்லை என்று கேட்டபோது, வேலை இரட்டிப்பாகும் என்றது அதைச் செய்த யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தரப்பு. அதே வரிசையின் மூன்றாம் கேமுக்கு அனிமேஷன் இயக்குநராக இருந்த ஜோனதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகத்தில் வரும் ஆபி என்ற பெண்ணின் புஜத்தைப் பார்த்து, பெண்ணுக்கு இப்படி இருக்குமா என்று எத்தனை பேர் குதித்தார்கள்! காலீன் ஃபோட்ச் என்ற கிராஸ்ஃபிட் (கடும் உடற்பயிற்சிப் போட்டி) வீராங்கனையை மாதிரியாக வைத்து உருவாக்கிய உடம்பு அது. அந்த கேம் 2020இல் வெளியான மூன்றே நாளில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வேலந்தாவளம் பக்கம் தோப்பில் தேங்காய்க் கூடை சுமக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கூடையைத் தூக்கும்போது முன்கையில் நரம்பு புடைக்கும், பின்கழுத்து இறுகிக் கட்டையாக இருக்கும், அதே ஆளுக்கு வயிறு சேலைக் கொசுவத்துக்கு மேல் தளர்ந்து மடிந்திருக்கும். இத்தனை பலமும் இத்தனை தளர்ச்சியும் சேர்ந்த ஒரு நாயகியை எந்தப் பெரிய கேமிலும் நான் பார்த்ததில்லை. ஓரளவு பக்கத்தில் வந்தது 2023இல் டொராண்டோவிலிருந்து வந்த வெண்பா என்ற கேம். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பெண், இட்லி அவிக்கிறாள், பிள்ளை வளர்க்கிறாள், கண்ணெதிரே அவளுக்கு வயதாகிறது. சின்னக் குழு செய்த அந்த கேமுக்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

தங்கையை நிறுத்தச் சொல்லவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பாத்திரம் எப்படி நிற்கிறது என்று அவளையே நின்று பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பை அப்படி ஒடித்து நின்றால் முதுகு எங்கே வலிக்கிறது என்று அவளே சொல்வாள். நீயாக இருந்தால் எப்படி நிற்க வைப்பாய் என்று கேட்டு, வரைய ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஜிம் பையன்களில் யாராவது பவுடரைத் தாண்டி உடம்பு ஏற்றும் ஊசி என்று பேச ஆரம்பித்தால், தம்பி, அதை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். அவன் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.