எட்டுப் பென்ஸ் காதல்

அன்புள்ள ஐயா,

கல்லூரிப் பாடத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி' கதை இருக்கிறது. தோழனின் சகோதரி மீது ஆசை கொண்ட சிறுவன், அவளுக்குப் பரிசு வாங்கச் சந்தைக்குப் போய் வெறுங்கையோடு நிற்கிறான். கடைசியில், வீண் பெருமையால் ஆட்டிவைக்கப்பட்டவன் என்று தன்னையே இகழ்ந்துகொள்கிறான். 'அந்த வயதுக் காதல் வெறும் மயக்கம்' என்று எழுதினால்தான் மதிப்பெண். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., கீழக்கரை

அன்புள்ள க.,

தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் மனம் ஒப்பவில்லை.

அந்தப் பையனின் வரவு செலவைப் பாருங்கள். காசு தருவதாகச் சொன்ன மாமா இரவு ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். கோட்டு மாட்டும் சட்டம் ஆடுகிற சத்தத்திலேயே அவர் வந்திருக்கும் நிலை பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. அத்தை பரிந்து பேசிய பிறகு இரண்டு ஷில்லிங் கிடைக்கிறது. அதாவது 24 பென்ஸ். மூன்றாம் வகுப்பு ரயிலில் போய்ச் சேரும்போது பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ஆறு பென்ஸ் நுழைவாயில் கண்ணில் படவில்லை. சந்தையை மூடிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் ஒரு ஷில்லிங்கையே கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிறான். கடைசியில் சட்டைப்பையில் மிஞ்சுவது ஆறு பென்ஸ் நாணயம் ஒன்றும் இரண்டு பென்னிகளும். பீங்கான் ஜாடி விற்கும் கடையில் அதற்கு என்ன கிடைக்கும்? இரண்டு இளைஞர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் கடமைக்கு வந்து 'ஏதாவது வேண்டுமா' என்கிறாள். வேண்டாம் என்கிறான்.

ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குப் போயிருப்பீர்கள். வளையல் கடைக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பையன்கள், பைக்குள்ளேயே காசைத் தடவி எண்ணுவார்கள். விலை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால், 'யாருக்குத் தம்பி?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டுவிடுவாரே! அவர்களிடம் போய் உங்கள் காதல் மயக்கம் என்று சொல்லிப் பாருங்கள்.

கதையில் அந்தத் தோழனின் சகோதரி இவனிடம் எதையும் வாங்கி வரச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கையில் கிடக்கும் வெள்ளிக் காப்பைச் சுழற்றிக்கொண்டே, கான்வென்ட்டில் தியானம் இருப்பதால் தன்னால் போக முடியாது என்கிறாள். அவ்வளவுதான். போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்பது இவன் தானாகக் கொடுத்த வாக்கு. வாக்கு பெரிய மனிதனுடையது; காசோ மாமா கொடுத்தால்தான் உண்டு. வயதுக்கு வருவதில் உள்ள அவஸ்தை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடைசியில் அவன் கூசுவது காதலித்ததற்காக அல்ல, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வக்கில்லாமல் போனதற்காக என்றே நான் படிக்கிறேன்.

இன்னொன்று. 1894 மே மாதம் டப்ளினில் 'அராபி' என்ற பெயரில் உண்மையாகவே ஒரு சந்தை நடந்தது. அப்போது ஜாய்ஸுக்கு 12 வயது. கதையை எழுதியபோது இருபதைத் தாண்டிவிட்டார். 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் அது அச்சேறியது 1914இல். அந்தக் கடைசி வசை வளர்ந்த ஆளின் வாயிலிருந்து வருவது. வளர்ந்தவர்கள் தங்கள் சிறுவயது ஆசைகளை ஏசுவது வழக்கம்தான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. இவ்வளவு தவிப்புக்குக் காரணமானவளுக்கு ஜாய்ஸ் ஒரு பெயர் வைத்திருக்கலாம். தோழன் மாங்கனின் சகோதரி என்பதோடு நிறுத்திவிட்டார்.