குந்திரிக்கம் கேள்வி-பதில்: எண்ணெயைக் குடிக்காதீர்கள்

கேள்வி: தூபக்காலில் குந்திரிக்கம் போட்டதும் கருகல் மணம்தான் வருகிறது. சரக்கு பழுதா? (சாம்பல்தீவு)

சரக்கில் பிழையில்லை, அவசரத்தில்தான் பிழை. சிரட்டைக் கரி முழுக்கச் சிவந்து மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். 10, 15 நிமிடம் எடுக்கும். அந்தச் சாம்பலைத் தட்டிவிடாமல் அதன் மேலேயே கடலை அளவில் 2, 3 துண்டு வையுங்கள். வெறும் தணலில் பட்டால் மணம் தரும் எண்ணெய் உடனே பறந்துவிடும், மிச்சம் கருகும். மணம் மாறத் தொடங்கியதும் எஞ்சிய கறுப்புக் கட்டியைக் குறட்டால் எடுத்த பிறகே அடுத்த துண்டு. கடையில் விற்கும் வட்டக் கரி பற்றியதும் பொறி பறக்கும். வெடியுப்பு சேர்த்தது அது; பொறி அடங்கும்வரை எதையும் போட வேண்டாம். யன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: 40 நாள் பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகை காட்டலாமா? (கிண்ணியா)

வேண்டாம். ஈரம் துடைக்கத் துவாய் காணும். தாயின் தலைமுடிக்குக் காட்டுவதென்றால் பிள்ளை இல்லாத அறையில், யன்னலைத் திறந்துவிட்டு.

கேள்வி: கிறைண்டரில் அரைத்தேன், பிளேட்டில் பசையாக ஒட்டிவிட்டது. (உப்புவெளி)

சூட்டில் இளகும் பொருளை நிறுத்தாமல் ஓட்டினால் வேறென்ன நடக்கும்? விறைப்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, 5 விநாடி ஓட்டி நிறுத்தி, திரும்ப ஓட்டுங்கள். இரும்பு உரலில் கொஞ்சம் கொஞ்சமாக இடிப்பது இன்னும் நல்லது. ஒட்டியதில் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். கச்சான் காற்று மாதங்களில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிப்போனாலும் இதே வைத்தியம்தான்: விறைக்க வைத்துத் தட்டினால் உதிரும்.

கேள்வி: மகன் ஓமானிலிருந்து பச்சை லுபான் (அந்த ஊர்க் குந்திரிக்கம்) கொண்டுவந்தார். இரவு ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன். முழங்கால் வலிக்கு அது காணாது, லுபான் எண்ணெயில் 5 துளி தேத்தண்ணீரில் விடுங்கள் என்கிறார்கள். ஒரு மாதமாகியும் மாற்றமில்லை. (மூதூர்)

மாற்றம் வராது. எண்ணெய் விற்பவர்கள் இந்தக் கதையை விடமாட்டார்கள் போலிருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

குந்திரிக்கத்தில் மூன்று சரக்கு ஒன்றாக இருக்கிறது. நூற்றில் 5 முதல் 10 பங்கு ஆவியாகும் எண்ணெய். 60க்கு மேல் பிசின். மிச்சம் தண்ணீரில் கரையும் பசை. மூட்டு வீக்கத்துக்குப் பேசப்படும் பொஸ்வெலிக் அமிலங்கள் பிசினில்தான் இருக்கின்றன. அவை தண்ணீரில் கரைவதில்லை. உங்கள் கிளாசில் பால்போலத் தெரிவது பெரும்பாலும் பசை, அதோடு மிதக்கும் கொஞ்சம் பிசின். ஓமானில் காலங்காலமாகக் குடிக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக அது முழங்காலுக்கு மருந்தாகிவிடாது.

எண்ணெய் அதைவிட மோசம். நீராவியில் வடித்தெடுப்பது அது. பொஸ்வெலிக் அமிலம் பாரமான மூலக்கூறு, ஆவியோடு ஏறி வராது. போத்தலில் இருப்பது பைனீன், லிமொனீன் போன்ற மணப்பொருட்கள். "பொஸ்வெலிக் அமிலம் நிறைந்த தூய எண்ணெய்" என்று லேபலில் அடித்திருந்தால், விற்பவருக்கு வடிப்பு முறையே தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாதென்று நினைக்கிறார். தேத்தண்ணீரில் எண்ணெய் கலக்காது. மேலே மிதந்து, வாயையும் தொண்டையையும் வயிற்றையும் எரிக்கும். குடிக்காதீர்கள்.

ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது ஓமான் மரமல்ல, இந்தியக் குந்திரிக்கத்தின் செறிவூட்டிய சாறு. முழங்கால் தேய்வில் வலி ஓரளவு குறைந்தது, அதுவும் சிறிய ஆய்வுகளில். பலவற்றில் அளவு 300 முதல் 400 மில்லிகிராம், நாளுக்கு 3 முறை. 4 வாரமாவது போக வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் மிகக் குறைவு. மகன் கொண்டுவந்ததைப் புகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சரக்கு.

கேள்வி: வேறு மருந்துகளும் எடுக்கிறேன். குந்திரிக்கக் குளிசை சாப்பிடலாமா? (தம்பலகாமம்)

"வேறு மருந்து" என்று ஒரு மருந்து கிடையாது. பெயரை எழுதாமல் பதில் கேட்டால் என்ன சொல்வது? வாபரின் போன்ற இரத்தம் உறையாத குளிசை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். மற்றவர்கள் மருந்துத் துண்டைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கும் திருகோணமலையில் இருந்துகொண்டு கடைக்காரரிடம் அளவு கேட்காதீர்கள். நெஞ்செரிவு, வயிற்றோட்டம் வந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நிலாவெளி)

சிறு துண்டை ஈர விரலால் தேய்த்தால் வெண்மையாகும். மென்றால் முதலில் உடைந்து, பிறகு சுவிங்கம்போல இளகும். பொடியாகவே நின்றால் குங்கிலியம். எரிக்கும்போது கறுப்புப் புகையும் தர்ப்பண்டைன் மணமும் வந்தால் பைன் பிசின். வனிலா வாசம் அடிப்பது சாம்பிராணி. அது வேறு மரம்.

கேள்வி: முகத்தில் எண்ணெய் பூசலாமா? (உவர்மலை)

தனியாக இல்லை. 30 மில்லி நல்லெண்ணெய்க்கு 6 துளி. முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். திறந்து ஒரு வருடமான போத்தலை எறியுங்கள். காற்றுப்பட்ட எண்ணெய்தான் தோலைச் சிவக்க வைப்பது. குடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: புகை போட்டால் டெங்கு நுளம்பு போகுமா? (கிண்ணியா)

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், நீங்கள் புகை போடுவது மாலையில். குடம்பிகளைப் புகை ஒன்றும் செய்யாது. 2017 டெங்குப் பரவலில் பட்டது காணாதா? தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.