கேள்வி பதில்: ஹெலோவீனில் யார் வந்தார், யார் போனார்?

கே: ஹெலோவீன் என்ற மெட்டல் பேண்டின் பாட்டுகளை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு ஆல்பத்தில் ஒரு குரல், இன்னொன்றில் வேறு குரல், புது வீடியோவில் பார்த்தால் மேடையில் ஏழு பேர், அதில் மூன்று பேர் பாடுகிறார்கள். யார் யார் என்று குழப்பாமல் சொல்லுங்களேன்.

ப: குழப்பாமல் சொல்வது கஷ்டம், முயற்சி செய்கிறேன். 1984-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நான்கு பேர் சேர்ந்தார்கள். கிடாரும் பாட்டும் காய் ஹான்சன், இன்னொரு கிடார் மைக்கேல் வைகாத், பேஸ் கிடார் மார்க்குஸ் கிராஸ்கோஃப், டிரம்ஸ் இங்கோ ஷ்விக்டென்பெர்க். அடுத்த வருடமே ஒரு மினி ஆல்பமும் 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ' என்ற முழு ஆல்பமும் வந்துவிட்டன. அதில் பாடியது ஹான்சன்தான். அந்த வேகத்தில் கிடாரும் வாசித்து, கூடவே உச்சஸ்தாயியில் பாடவும் வேண்டுமென்றால் மேடையில் மூச்சு முட்டும். அதனால் தனியாக ஒரு பாடகரைத் தேடி, அதே ஹாம்பர்க்கில் வேறொரு பேண்டில் பாடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் மைக்கேல் கிஸ்கேயைப் பிடித்துவந்தார்கள். 1993 வரை அவர் குரல். 1994-லிருந்து ஆண்டி டெரிஸ். 2017-லிருந்து கிஸ்கே, டெரிஸ், ஹான்சன் மூவரும். நீங்கள் வீடியோவில் பார்த்தது இந்தக் கடைசிக் கூட்டணியை. மற்ற நான்கு பேர் வைகாத், கிராஸ்கோஃப், கிடார் வாசிக்கும் சாஷா கெர்ஸ்ட்னர், டிரம்ஸ் வாசிக்கும் டானி லோபிள். ஆரம்பத்திலிருந்து இன்றுவரை எழுந்து போகாதவர்கள் வைகாத்தும் கிராஸ்கோஃபும் மட்டும்தான்.

கே: பவர் மெட்டல் என்ற வேகமான, ராகம் நிறைந்த மெட்டல் வகைக்கே இவர்கள்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

ப: முழுப் பட்டமும் ஒருவருக்கே கொடுக்க முடியாது. இரட்டைக் கிடார் ராகம் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் பேண்டிடமிருந்து வந்தது, இன்னொரு பிரிட்டிஷ் பேண்டான ஜூடாஸ் பிரீஸ்ட்டின் பங்கும் இருக்கிறது. ஆனால் அந்த வேகம், கூட்டமே சேர்ந்து பாடும்படியான பல்லவி, கூடவே கொஞ்சம் கிண்டல், இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்தது 1987, 1988-ல் வந்த 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' இரண்டு பாகங்களில்தான். பின்னால் வந்த ஐரோப்பிய பேண்டுகளில் பாதிப்பேர் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இதை ஒரே இரட்டை ஆல்பமாக வெளியிடத்தான் இவர்களுக்கு ஆசை. நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டதால் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் பாகத்தில் 'ஈகிள் ஃப்ளை ஃப்ரீ' என்று வைகாத் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது, ஹெட்போன் போட்டு நடுப்பகுதியைக் கேளுங்கள். கிடார்கள் மாறி மாறி ஓடி முடித்ததும் பேஸ் தனியாக முன்னால் வரும், பிறகு டிரம்ஸ் தனியாக வரும், இரண்டு காலும் பெடலில் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கும், அப்புறம் எல்லோரும் சேர்ந்து பல்லவிக்குத் திரும்புவார்கள். ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்த அந்தச் சில நொடிகள்தான் எனக்கு இந்த பேண்டின் உச்சம்.

கே: 'ஐ வாண்ட் அவுட்' பாட்டு ஹான்சனின் ராஜினாமாக் கடிதம் என்பது சரியா?

ப: பாட்டை எழுதியவர் அவர், பாட்டு வந்தது 1988-ல், அடுத்த சில மாதங்களில் ஆளே வெளியே. அப்படிச் சொல்லாமல் இருப்பார்களா? வரிகளைப் பார்த்தால், இதைச் செய் அதைச் செய்யாதே என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு அலுத்துப்போன ஒருவனின் புலம்பல்தான். ஓயாத சுற்றுப்பயணம், உள்ளுக்குள் உரசல், கம்பெனியோடு தகராறு எல்லாம் அந்த நேரத்தில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹெலோவீன் சண்டை போட்டுக்கொண்டு விலகிய அதே நாய்ஸ் நிறுவனத்தில்தான் ஹான்சன் தன் புது பேண்டான காமா ரேயின் ஆல்பங்களை வெளியிட்டார்.

கே: கிஸ்கேயை ஏன் அனுப்பினார்கள்? அந்தக் குரலை யாராவது விடுவார்களா?

ப: குரலில் யாரும் குறை சொல்லவில்லை. ஹான்சன் போனதும் ரோலண்ட் கிராப்போ கிடாருக்கு வந்தார், பேண்ட் ஈஎம்ஐ நிறுவனத்துக்கு மாறியது, நாய்ஸ் நிறுவனம் நீதிமன்றம் போனது, 1991-ல் வந்த 'பிங்க் பபிள்ஸ் கோ ஏப்' எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. அடுத்து 1993-ல் 'கமீலியன்'. இதன் அட்டையில் யார் எந்தப் பாட்டை எழுதினார் என்று பாருங்கள், உள்ளே நடந்தது அப்படியே தெரியும். மொத்தம் 12 பாட்டு. வைகாத் நான்கு, கிஸ்கே நான்கு, கிராப்போ நான்கு. இரண்டு பேர் சேர்ந்து எழுதியது ஒன்றுகூட இல்லை! ஒரே வீட்டில் மூன்று அடுப்பு. கேட்டாலும் அப்படித்தான் இருக்கும், ஒரு பக்கம் ஊதுகுழல்கள், இன்னொரு பக்கம் மென்மையான அக்கூஸ்டிக் கிடார், மெட்டல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதில் நல்ல பாட்டுகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது ஒரு பேண்டின் ஆல்பம் இல்லை. அந்த ஆண்டின் கடைசியில் கிஸ்கே நீக்கப்பட்டார், அதன் பிறகு மெட்டல் பக்கமே வர விருப்பமில்லை என்பது போலப் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார். 2001-ல் பல பாடகர்கள் சேர்ந்து பாடும் அவந்தாசியா என்ற மெட்டல் ஓபராவின் முதல் ஆல்பத்தில் பாடியபோதுகூட எர்னி என்ற புனைபெயரில்தான் பாடினார். குரலைக் கேட்ட எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

கே: இங்கோவுக்கு என்ன ஆனது?

ப: மனநோயும் போதைப் பழக்கமும் அவரை மிகவும் அலைக்கழித்தன. 1993-ல் பேண்டை விட்டு அனுப்பப்பட்டார். 1995 மார்ச்சில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார், வயது 29. 'கமீலியன்' ஆல்பத்தில் கிராப்போ எழுதிய 'ஸ்டெப் அவுட் ஆஃப் ஹெல்' அவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1996-ல் வந்த 'த டைம் ஆஃப் த ஓத்' ஆல்பத்தை பேண்ட் அவருக்குக் காணிக்கையாக்கியது. காமா ரேயின் 'ஆஃப்டர்லைஃப்' பாட்டு ஹான்சன் தன் பங்குக்குச் செலுத்திய அஞ்சலி. அப்போது இரண்டு பேண்டுகளும் தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தன என்பதை நினைத்துக்கொண்டு இரண்டையும் கேளுங்கள்.

கே: டெரிஸ் காலத்து ஆல்பங்களைக் கேட்க வேண்டியதில்லை என்கிறான் என் நண்பன்.

ப: நண்பனை மாற்றுங்கள். விளையாட்டுக்குச் சொன்னேன், அவருக்கு 'மாஸ்டர் ஆஃப் த ரிங்ஸ்' போட்டுக் காட்டுங்கள் போதும். 1994-ல் இந்த பேண்டை எல்லோரும் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். பிங்க் கிரீம் 69 என்ற பேண்டிலிருந்து வந்த டெரிஸுக்கு கிஸ்கே தொடும் உச்சம் வராது, குரலில் ஒரு கரகரப்பு வேறு. அவர் கொண்டுவந்தது பாட்டெழுதும் திறமை. இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்: பழையவர்கள் திரும்பி வருவதற்கு முன்னால் கிஸ்கே பாடிய ஸ்டூடியோ ஆல்பங்கள் நான்கு, டெரிஸ் பாடிய புதுப் பாட்டு ஆல்பங்கள் பத்து. இருபது வருடத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தது யார் என்று கேட்டால் நான் டெரிஸ் பெயரைத்தான் சொல்வேன், அவர் இல்லையென்றால் கிஸ்கேவும் ஹான்சனும் திரும்பி வருவதற்கு பேண்டே இருந்திருக்காது.

கே: டிரம்ஸ் நாற்காலிக்கு ஏதாவது சாபமா? இத்தனை பேர் மாறியிருக்கிறார்களே!

ப: சாபமெல்லாம் இல்லை, 2001-க்குப் பிறகு கொஞ்ச காலம் நேரம் சரியில்லை. இங்கோவுக்குப் பிறகு ஊலி குஷ் வந்தார், அவர் முன்னாள் காமா ரே ஆள், ஹாம்பர்க் வட்டாரம் அவ்வளவு சின்னது. இருண்ட சாயலில் இருந்த 'த டார்க் ரைடு' ஆல்பம் வந்த பிறகு 2001-ல் அவரையும் கிராப்போவையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள், இருவரும் மாஸ்டர்பிளான் என்ற பேண்டோடு வந்து நின்றார்கள். அடுத்து வந்த மார்க் கிராஸ் ஆல்பம் பதிவின் நடுவே உடம்பு முடியாமல் போக, மோட்டார்ஹெட் டிரம்மர் மிக்கி டீ வந்து பெரும்பகுதியை வாசித்துக்கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் 2003-ல் வந்த 'ராபிட் டோன்ட் கம் ஈசி'. பிறகு ஸ்டெஃபான் ஷ்வார்ட்ஸ்மான். 2005-லிருந்து டானி லோபிள், இருபது ஆண்டாகியும் ஆள் அசையவில்லை.

கே: சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

ப: ஒரே நாளில் நடக்கவில்லை. 2007-ல் ஹெலோவீனும் காமா ரேவும் ஒன்றாகச் சுற்றுப்பயணம் போனார்கள், நிகழ்ச்சியின் கடைசியில் ஹான்சன் மேடையேறிப் பழைய பாட்டுகளை வாசித்தார். ஹான்சன் பக்கம் அப்போதே சரியாகிவிட்டது. கிஸ்கேதான் பாக்கி. 2011-ல் கிஸ்கேயின் யூனிசோனிக் பேண்டில் ஹான்சன் போய்ச் சேர்ந்தார், அங்கே பனி உருகியது. 2016-ல் அறிவிப்பு, 2017 அக்டோபரில் மெக்சிகோவின் மான்டெர்ரேயில் முதல் நிகழ்ச்சி. எனக்குப் பிடித்தது என்னவென்றால், பழையவர்களைக் கொண்டுவருவதற்காக இருப்பவர்களில் ஒருவரையும் வெளியே தள்ளவில்லை. வழக்கமாக இந்த மாதிரி மறுசேர்க்கையில் முதல் வேலையே இடைக்காலத்துப் பாடகரை வீட்டுக்கு அனுப்புவதுதான். இங்கே டெரிஸ் தன் பாட்டைத் தானே பாடுகிறார், கிஸ்கே தன் பாட்டைப் பாடுகிறார், 1985 சரக்கு ஹான்சனுக்கு, சில பாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பயணத்தில் டானி டிரம்ஸ் சோலோ வாசிக்கும்போது பின்னால் திரையில் இங்கோ வாசிக்கும் பழைய காட்சி ஓடும், இவர் ஒரு அடி அடிக்க அவர் பதிலுக்கு அடிப்பது போல. 2021-ல் வந்த ஆல்பத்துக்கு இங்கோவின் பழைய டிரம்ஸ் செட்டையே எடுத்துவந்து வாசித்தார் டானி. அந்த ஆல்பம் ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 2025-ல் 'ஜயன்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' வந்ததும் இதே ஏழு பேரோடுதான்.

கே: அப்படியென்றால் கிராப்போவையும் குஷையும் ஏன் கூப்பிடவில்லை?

ப: நியாயமான கேள்வி. கிராப்போ 12 வருடம் இருந்தவர், ஹான்சன் முதல் தடவை இருந்ததே ஐந்து வருடத்துக்குள்தான். மேடையில் ஏற்கனவே மூன்று கிடார், நான்காவதுக்கு இடமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஒரே ஒரு பாட்டுக்காவது விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கலாம் என்பது என் கருத்து, தொண்ணூறுகளில் பேண்டைத் தூக்கி நிறுத்தியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கே: கிஸ்கேயா, டெரிஸா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ப: கேட்பதற்கு கிஸ்கே. பேண்ட் நடத்த டெரிஸ்.