சுவான்சோவில் சூடிய பூ

கேள்வி: வணக்கம் ஆச்சி. நீங்கள் சீனாவுக்குப் போய் வந்ததாகப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் மகன் எனக்கும் டிக்கெட் போடுகிறேன் என்கிறான். வயது 58, சுத்த சைவம், கையில் காசும் அளவுதான். எப்படிச் சமாளித்தீர்கள்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: தைரியமாகப் போயிட்டு வாங்க தங்கச்சி. நானும் மகளும் போனது பெய்ஜிங் இல்லை, புஜியான் மாகாணத்துத் துறைமுகம் சுவான்சோ. 1281-ல் அங்கே சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று அப்பச்சி சொல்வார்கள். அதனால்தான் அந்த ஊர்.

கோலாலம்பூரில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, விமானத்தில் ஷியாமென் போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். முதல் ராத்திரியே சோதனை. பேசி வைத்திருந்த விடுதியில் வெளிநாட்டுக்காரருக்கு இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஒன்பதரை மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றோம். வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். போனிலேயே பணம் கட்டுகிற அலிபே என்கிற செயலியில் உங்கள் வங்கிக் கார்டை ஊரிலேயே இணைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிக்காரர்கூடப் போனைத்தான் நீட்டுகிறார்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ரயிலில், நிலையத்தில் கொதிநீர்க் குழாய் உண்டு, காசு கிடையாது. காரைக்குடியிலிருந்து கொண்டுபோன அவலை அதில் ஊறவைத்துப் பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டோம், பாதிச் செலவு அதிலேயே மிச்சம். கடையில் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். என்னென்ன வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். வேர்க்கடலையைக் குழைய வேகவைத்து இனிப்பாக ஒரு சூப்பு தருகிறார்கள். முட்டை ஊற்றாமல் கேளுங்கள், அமிர்தம்.

கையுவான் பௌத்தக் கோயிலில் பெரிய மண்டபத்தின் பின்புறம் போகாமல் வராதீர்கள். இரண்டு கல்தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். கைகூப்பி நின்றேன், கண் நிறைந்துவிட்டது.

சுன்பு என்கிற மீனவர் குடியிருப்புக்கு டவுன் பஸ்ஸிலேயே போகலாம். வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு, ஒன்றின்மேல் ஒன்றாக மீன் செதில்போல. கப்பலில் பாரத்துக்கு ஏற்றி வந்த ஓடு என்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய வீட்டில் பிறந்தவள் நான், அந்தச் சுவரைத் தடவாமல் வர முடியவில்லை. அங்கே கிழவிகளும் தலை நிறையப் பூ வைக்கிறார்கள். மொட்டுகளை வளையமாகக் கோத்து, கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காக.

அவுக போன பிறகு பதினொரு வருஷமாக நான் பூ வைத்ததில்லை. வாசலில் உட்கார்ந்து பூக் கோத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் வெறுங்கொண்டையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார வைத்து, முடியை அவிழ்த்துச் சீவி, இறுக்கிக் கட்டி, இரண்டு வளையம் சுற்றிக் குச்சியைச் செருகினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவர் மொழி தெரியாது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காசை நீட்டினேன், பாட்டி என் விரல்களை மடக்கிவிட்டார்.

ராத்திரி விடுதிக்குத் திரும்பும்வரை நான் அதை எடுக்கவில்லை.