பரம்பரையில் சர்க்கரை நோய் இருந்தால் பழக்கங்களை மாற்றிப் பயன் உண்டா?

அப்பா, அம்மா இருவருக்குமே சர்க்கரை இருக்கிறது, எனக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனி நடந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் பயன் உண்டு. பரம்பரைக்குப் பங்கு இருந்தாலும் முழு முடிவும் அதன் கையில் இல்லை.

உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வெளியானது. வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, இவ்வளவுதான் இலக்கு. சுமார் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான்.

ஏன் இப்படி? சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் எழுந்து நடந்தால் தொடைத் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது.

அப்புறம், உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கட்டும். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். புகைப்பவர் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விடுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.