அப்பப்பாவின் லைமன் அலாஸ்கனுக்குப் பிடிவளையம்

வணக்கம். அப்பப்பாவின் உரிமமுள்ள ரைபிளில் இருந்த லைமன் அலாஸ்கன் என்ற பழைய அமெரிக்கத் தொலைநோக்கிக்கு (ஸ்கோப்), அதை ரைபிளில் பிடித்து வைக்கும் பிடிவளையம் கிடைக்கவில்லை, ஒரு அங்குல வளையம் வாங்கினால் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆடத்தான் செய்யும். அதன் குழாய் 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர். உங்கள் வளையம் 25.4.

அசல் வளையத்தைத் தேடி அலைய வேண்டாம். வித்தியாசம் 3.2 மி.மீ.தான். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் நல்ல லேத் பட்டறையில், குழாய்க்கும் வளையத்துக்கும் இடையில் போட, அதில் பாதியான 1.6 மி.மீ. தடிப்பில் அலுமினிய உறை கடைந்து, நீளவாக்கில் ஒரு பிளவு போடச் சொல்லுங்கள். முதலில் குழாயை வேர்னியர் அளவுகோலால் அளந்து கொடுங்கள், என் பேச்சை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. உறைக்குப் பதிலாக டேப் சுற்றுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது, வெயிலில் பசை இளகி வழுக்கும்.

ஸ்குரூ ஆணிதான் உண்மையான தலைவலி. வளையத்தைத் தாங்கும் அமெரிக்க அடித்தட்டுகளில் பெரும்பாலும் 6-48 புரி (6ஆம் எண் ஆணி, அங்குலத்துக்கு 48 புரி) இருக்கும். பழைய சோனகத் தெருக் கடையில் எம் 3.5 (3.5 மி.மீ. மெட்ரிக் ஆணி) தந்து "இதுதான் சேர்" என்பார்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே, புரி வேறு. இரண்டு சுற்றுப் போய் இறுகினால் உடனே நிறுத்துங்கள், முடுக்கினால் துளையின் புரி போய்விடும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால், காசு கட்டுமுன் சுங்கத்தில் கேட்டுவிடுங்கள். துப்பாக்கிப் பாகம் என்று மறித்தால் பிறகு அலைச்சல்தான்.